கான்கிரீட் போடும் முன் கம்பியை அளந்து பாருங்கள்: சதுர அடி ஒப்பந்தத்தில் நாங்கள் ஏமாற்றப்பட்ட விதம்

சொந்த மனையில் வீடு கட்ட ஒப்பந்தக்காரரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரையின் புறநகரில் நாங்கள் கட்டிய வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அவர் பெயரைவிட, அவர் ஏமாற்றிய முறை தெரிந்திருப்பதுதான் உங்களுக்குப் பயன்படும். இதே முறையில் பணத்தை இழந்த மூன்று குடும்பங்களை எங்கள் பகுதியிலேயே பிறகு சந்தித்தேன்.

பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று பேசினோம். ஒப்பந்தத்தில் 'முதல் தரக் கம்பி', 'முதல் தர சிமெண்ட்', 'தரமான எம்-சாண்ட்' (பாறையை அரைத்து எடுக்கும் மணல்) என்று எழுதியிருந்தார். எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எத்தனை அங்குல இடைவெளி, என்ன கலவையில் கான்கிரீட் என்ற விவரம் எதுவும் இல்லை. கேட்டபோது, "எல்லாம் பொறியாளர் போட்டுக் கொடுத்த படத்தின்படிதான் சார்" என்றார். படம் இருந்தது, ஆனால் ஒப்பந்தத்தோடு அது இணைக்கப்படவில்லை, அதில் அவருடைய கையெழுத்தும் இல்லை. பிரச்சினை வந்தபோது, "அது அனுமதி வாங்குவதற்காகப் போட்ட படம், கட்டுவதற்கு இல்லை" என்று ஒரே வார்த்தையில் கைகழுவினார்.

பெரிய திருட்டு மேல்தளத்தில் நடந்தது. படத்தில் இருந்தது 10 மி.மீ. கம்பி, 6 அங்குல இடைவெளி. அவர் போட்டது 8 மி.மீ. கம்பி, 8 அங்குல இடைவெளி. கேட்பதற்கு இரண்டு மில்லிமீட்டரும் இரண்டு அங்குலமும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 617 கிராம் இருக்கும், 8 மி.மீ. கம்பி 395 கிராம்தான். இடைவெளியும் கூடியதால், தளத்தில் இருக்க வேண்டிய இரும்பில் பாதிகூட உள்ளே போகவில்லை. பணம் மட்டும் முழு இரும்புக்கும் வாங்கியிருக்கிறார். என் மனைவியும் குழந்தைகளும் அந்தத் தளத்துக்குக் கீழேதான் தூங்குகிறார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரியாதா?

இதற்கு அவர் கையாண்ட வழி எளிமையானது. கம்பி கட்டும் வேலையை மாலையில் முடிப்பார்கள். மறுநாள் விடிவதற்குள் கலவை இயந்திரமும் ஆட்களும் வந்து இறங்கிவிடுவார்கள். "இன்று நிறுத்தினால் ஆள் கூலி வீண், மழை வேறு வரும்" என்று அவசரப்படுத்துவார்கள். பொறியாளர் வந்து பார்க்க நேரமே இருக்காது. கான்கிரீட் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பதை யாரும் எண்ண முடியாது. எங்கள் விஷயத்தில், முந்தைய நாள் மாலை வேடிக்கை பார்க்க வந்த என் மைத்துனர் எடுத்த சில புகைப்படங்கள் இருந்தன. பின்னால் தளத்தில் விரிசல் வந்தபோது, வேறொரு கட்டமைப்புப் பொறியாளர் அந்தப் புகைப்படங்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, கம்பியைக் கண்டறியும் கருவியை வைத்து உறுதிசெய்தார்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: கம்பி கட்டி முடித்து ஒரு முழு நாள் கழித்து, உங்கள் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் கான்கிரீட். 'உங்கள்' பொறியாளர் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குபவர் அல்ல. கம்பியின் மேல் அளவு நாடாவை வைத்து, எண்கள் தெரியும்படி படம் எடுங்கள். கம்பி வந்து இறங்கியவுடன் ஒரு மீட்டர் துண்டை வெட்டி எடை போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும். மளிகைக் கடைத் தராசு போதும்.

கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா என்றும் குனிந்து பாருங்கள். எங்கள் தளத்தில் அதற்குப் பதிலாக ஜல்லிக் கற்களைச் செருகியிருந்தார்கள். ஆட்கள் மிதித்ததில் அவை நழுவி, கம்பி பலகையோடு ஒட்டிக்கொண்டது. சென்ட்ரிங்கை, அதாவது கான்கிரீட்டைத் தாங்கிய பலகைகளைப் பிரித்தபோது சமையலறை மேலே கம்பி வெளியே தெரிந்தது. நாங்கள் மாலையில் போவதற்குள் அதன்மேல் சிமெண்ட் பாலைப் பூசி மறைத்துவிட்டார்கள். தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. கனமாவது கம்பிக்கு வெளியே கான்கிரீட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய்த் துருப்பிடித்து, கம்பி உப்பி, கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளிவிடும்.

தண்ணீர் விஷயமும் அப்படித்தான். கலவை இளகலாக இருந்தால் கொட்டிப் பரப்புவது சுலபம் என்பதற்காகக் குழாயைத் திறந்துவிடுகிறார்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 25 முதல் 27 லிட்டர் வரைதான் ஊற்றலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு வாளியும் வலிமையைக் குறைக்கிறது. போட்ட பிறகு கான்கிரீட்டை ஈரமாகவே வைத்து நீராற்றுவதற்குத்தான் தண்ணீரைத் தாராளமாகச் செலவிட வேண்டும். நம் வெயிலுக்குப் பத்து நாளுக்குக் குறையவே கூடாது. அவர் ஆட்கள் நான்காம் நாளோடு நிறுத்திவிட்டார்கள்.

வயரிங்கில் செய்ததை எழுதவே கை கூசுகிறது. சுவிட்ச் பெட்டிக்குள் தெரியும் நீளத்துக்கு மட்டும் பேசிய நிறுவனத்தின் வயர். சுவருக்குள் ஓடும் குழாயில் பெயர் தெரியாத மெல்லிய வயரை முறுக்கி இணைத்திருந்தார்கள். பூச்சு வேலைக்குப் பிறகு வயர் இழுக்கும்போது வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும்.

பணம் எப்போதும் வேலைக்கு முன்னால் ஓடும்படி அவர் அட்டவணை போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டமும் தொடங்கும்போது பணம்; முடிந்தபோது அல்ல. மேல்தளம் போட்ட அன்று ஒப்பந்தத் தொகையில் 85 சதவீதம் அவர் கைக்குப் போயிருந்தது. பூச்சு, தரை, கதவு, ஜன்னல், குழாய், பெயிண்ட் என்று செலவு பிடிக்கும் வேலைகள் அத்தனையும் மிச்சம். அன்றிலிருந்து தொலைபேசியை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது. கடைசியில் வந்து நீட்டிய கணக்கில் சன்ஷேடு, பரண், படிக்கட்டின் மேல்மூடி எல்லாவற்றையும் சதுர அடியில் சேர்த்திருந்தார். சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் தனி என்றார். பரப்பளவை எப்படி அளப்பது, எதெல்லாம் அதில் சேராது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்து சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஒரு மழைக்காலம் கழியும்வரை ஐந்து சதவீதத்தை நிறுத்திவையுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கியின் அதிகாரி வந்து பார்க்கிறாரே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கட்டடம் எந்த அளவுக்கு எழும்பியிருக்கிறது, அடுத்த தவணையை விடுவிக்கலாமா என்று பார்ப்பதே அவர் வேலை. உள்ளே எத்தனை கம்பி என்று அவர் எண்ணுவதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீடு கட்டித் தருவதும் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தாக வேண்டும். 'இதோ சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லிச் சொல்லியே அந்தக் காலத்தைக் கடத்திவிடுவார்கள். ஒப்பந்தத் தாள், வங்கி வழியாகக் கொடுத்த பணத்துக்கான சான்று, தேதி தெரியும் படங்கள், தனிப் பொறியாளரின் அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வழிமுறை தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். இடிந்த பகுதியைப் பூசிச் சரிசெய்வதற்கு முன் அந்த அறிக்கையை வாங்கிவிடுங்கள்; பூசிய பிறகு வரும் பொறியாளருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.