கையடக்க ஆக்சிஜன் செறிவூட்டி: மலை உயரத்தில் பகலுக்கு நம்பலாம், இரவுக்கு நம்ப வேண்டாம்

வாடகைக்கு எடுத்து மலைமேல் கொண்டுபோய்ப் பயன்படுத்திய ஒரு சிறிய ஆக்சிஜன் செறிவூட்டியைப் பற்றிய மதிப்புரை இது. சளியைக் கெட்டியாக்கி நுரையீரலையும் குடலையும் அடைக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இந்த இயந்திரத்தைப் பற்றிக் கிடைக்கும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை வயது முதிர்ந்த, புகைபிடித்து நுரையீரல் பழுதுபட்டவர்களின் அனுபவத்திலிருந்து வருகின்றன. இந்த நோயோடு வாழும் நம் மூக்கு வேறு, நம் சளி வேறு, நம் வியர்வையும் வேறு. அந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றும் இந்த இயந்திரத்தின் வேலையில் குறுக்கிடுகின்றன.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியேற்ற முடிகிறது என்று பார்க்கும் எஃப்.இ.வி.1 எனக்கு இயல்பான அளவில் 52 சதவீதம். கடல்மட்டத்துக்கு அருகில் இருக்கும்வரை ஆக்சிஜன் தேவைப்படுவதில்லை. உட்கார்ந்திருக்கும்போது, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரல்நுனியில் மாட்டிப் பார்க்கும் விரல்மானி 95 காட்டும். என் தங்கை 2,800 மீட்டர் உயரத்தில் குடியேறியிருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை; அங்கேயும் அது 21 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். குறைவது அழுத்தம். 2,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. நல்ல நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். சளி அடைத்த குழாய்களுக்கு அந்தக் கையிருப்பு கிடையாது.

போகலாமா என்று முடிவு செய்ய, என் மருத்துவர் ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். ஆக்சிஜன் 15 சதவீதமாகக் குறைக்கப்பட்ட காற்றைச் சுமார் இருபது நிமிடம் சுவாசிக்க வைத்து, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றுக்கு, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்கு, இது சமம். எனக்கு 84 வரை இறங்கியது. பெரியவர்களுக்கு 85-க்குக் கீழே போனால் விமானத்திலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். இந்தப் பரிசோதனைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 95 என்று காட்டும் மானியை வைத்து யாராலும் இதை ஊகித்திருக்க முடியாது. ஆனால் அதில் நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம், விழித்திருக்கிறோம், உயரமும் நான் போகவிருந்த ஊரைவிடக் குறைவு. படியேறும்போதும் உறங்கும்போதும் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

இனி இயந்திரம். எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். தோளில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சியோலைட் மணிகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகின்றன. சிலிண்டர்போல் தீர்ந்துபோகும் கவலை இல்லை, மின்சாரம் இருந்தால் போதும். இரைச்சல் குறைவு. பக்கத்தில் இருப்பவரோடு இயல்பாகப் பேச முடிந்தது. தங்கையோடு மருத்துவமனை வரவேற்பறையில் நெடுநேரம் காத்திருந்தபோது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகவே இதை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முன்பக்கத்தில் 1 முதல் 5 வரை எண்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவர் சீட்டில் "நிமிடத்துக்கு 2 லிட்டர்" என்று எழுதியிருந்தால் இயந்திரத்தில் 2 வைத்தால் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது தொடர்ந்து ஆக்சிஜனைப் பாய்ச்சும் இயந்திரம் அன்று. நாம் மூச்சை உள்ளிழுக்கத் தொடங்குவதை மூக்குக் குழாய் வழியாக உணர்ந்து, அந்தக் கணத்தில் மட்டும் ஒரு சிறு அளவை ஊதும். எனக்குத் தந்த இயந்திரத்தின் கையேட்டில் 2-ஆம் நிலைக்கு நிமிடத்துக்கு மொத்தம் 420 மில்லிலிட்டர் என்று இருந்தது. தொடர் ஓட்டத்தில் நாம் மூச்சை வெளிவிடும் நேரத்தில் பாயும் ஆக்சிஜன் வீணாகிறது. இது அதை மிச்சப்படுத்துவதால் குறைந்த அளவே போதும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் என் இயந்திரத்தில் அந்த 420 மில்லிலிட்டர் நிலையானது. நிமிடத்துக்கு 20 முறை மூச்சு விட்டால் ஒரு மூச்சுக்கு 21 மில்லிலிட்டர். மலையேறி மூச்சு 30 முறையானால் ஒரு மூச்சுக்கு 14. நமக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஒவ்வொரு ஊதலும் சிறுத்துப்போகிறது. வேறு சில தயாரிப்புகளில் ஊதலின் அளவு மாறாது. எனவே ஒன்றின் 2 மற்றொன்றின் 2-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எடுப்பதற்கு முன் கையேட்டில் இந்த ஒரு அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது மூக்கு. நம்மில் பலருக்கு மூக்கில் சதை வளர்ச்சியும் சைனஸ் தொல்லையும் சிறு வயதிலிருந்தே உண்டு. நான் பெரும்பாலும் வாயால்தான் மூச்சு விடுகிறேன். மூக்கில் இழுப்பு இல்லையென்றால் இந்த இயந்திரத்துக்கு நாம் மூச்சு விடுகிறோம் என்பதே தெரியாது. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஓரிரவு மாட்டிக்கொண்டு படுத்தேன். உறங்கிய சிறிது நேரத்தில் மூச்சைக் காணவில்லை என்று அலறத் தொடங்கிவிட்டது. பகலில் உப்புநீரால் மூக்கைக் கழுவிவிட்டு, கவனம் வைத்து மூக்கால் இழுத்தால் ஒழுங்காக வேலை செய்தது. வாடகைக்குத் தந்தவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாரும் இதைத்தானே மேடம் ராத்திரியும் வைத்துக்கொள்கிறார்கள்" என்றார். எல்லாருடைய மூக்கும் என் மூக்காக இருக்க முடியாது. அன்றே மருத்துவரிடம் பேசி, இரவுக்குத் தொடர்ந்து பாய்ச்சும் பெரிய இயந்திரம் ஒன்றைத் தங்கை வீட்டுக்கு ஏற்பாடு செய்தோம்.

அந்தப் பெரிய இயந்திரம் சொன்ன நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஆகவே மேலே போன முதல் இரவைக் கையடக்க இயந்திரத்தோடுதான் கழித்தேன். விரல்மானியைக் கழற்றவே இல்லை; தங்கையின் மாமியார் அரை உறக்கத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். 83, 85, மறுபடி 82. நடுநடுவே அலாரம். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி ஏறக்குறைய உட்கார்ந்தபடியே விடிய வைத்தோம். மறுநாள் பெரிய இயந்திரம் வந்தது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். இரவு முழுவதும் 90, 91. உயரத்தில் இரவுதான் மோசமான நேரம். நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கே உறக்கத்தில் மூச்சு தடுமாறி ஆக்சிஜன் இறங்கும். இந்தக் கையடக்க இயந்திரத்தை இரவுக்கு நம்பி நீங்கள் மேலே போக வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இந்த இரண்டு இரவுகளை வைத்துத்தான்.

பகலில் அது என்னைக் கைவிடவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் 88. 2-ஆம் நிலையில் 92. மாடிப்படி ஏறினால் 83 வரை போனது, 3-இல் வைத்து நிதானமாக ஏறினால் 88-இல் நின்றது. எண் குறைகிறதே என்று நானாக 5-க்கு உயர்த்தவில்லை. நோய் முற்றியவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தால் இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு தேங்கக்கூடும் என்பதால் எந்த வரம்பு வரை போகலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள். விரல்மானியைப் பற்றியும் ஒரு சொல்: விரல் குளிர்ந்திருந்தால் அது தவறாகக் காட்டும், கருமையான தோலில் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் போக்கும் அதற்கு உண்டு. உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டு, எண் நிலைத்து நின்ற பிறகு பார்ப்பேன்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு வரி இருக்கிறது. இந்த இயந்திரம் 3,048 மீட்டர் வரைதான் வேலை செய்ய உத்தரவாதம். தங்கையின் ஊர் அதற்குள் அடங்கும். ஆனால் அங்கே போகும் சாலை 3,400 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைத் தாண்டுகிறது. மலைக்குப் போகிறேன் என்று சொல்லியே எடுத்தேன்; கொடுத்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இதற்காக அந்தச் சேவையின் மீது எனக்கு வருத்தம் உண்டு. மலைக்கு எடுத்துப்போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. கணவாயைக் கடக்கும் நேரத்துக்குச் சிலிண்டர் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டோம்.

பேட்டரி 2-ஆம் நிலையில் நான்கரை மணி நேரம் என்றார்கள். 3-இல் அதைவிடக் குறைவு, குளிரில் இன்னும் குறைவு. உதிரி பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்தேன். விமானத்தில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: லித்தியம் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட்-மணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும் பேட்டரி கேட்கும் நிறுவனங்களும் உண்டு. முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இதன் மற்றொரு குறை, ஈரப்பதம் சேர்க்கும் குடுவையை இணைக்க முடியாது. மலைக்காற்று ஏற்கெனவே வறண்டது; அதன்மேல் வறண்ட ஆக்சிஜன். மூன்றாம் நாளே சளி கெட்டிப்பட்டு, இருமினாலும் வரவில்லை. 7 சதவீத உப்புநீர் நெபுலைசரை மருத்துவர் அனுமதித்திருந்தபடி அதிகப்படுத்தி, மூச்சுப் பயிற்சியையும் நீட்டித்த பிறகுதான் நெஞ்சு இளகியது. தண்ணீரோடு உப்பும் தேவை: நம் வியர்வையில் உப்பு கூடுதலாகப் போய்விடுகிறது, உயரத்தில் மூச்சு வழியாகவும் சிறுநீர் வழியாகவும் நீர் இன்னும் போகிறது. நீர் வற்றினால் குடலும் அடைத்துக்கொள்ளும். உயர நோய்க்குப் பலரும் போட்டுக்கொள்ளும் அசிட்டசோலமைடு மாத்திரை சிறுநீரைக் கூட்டும் என்பதால் எனக்கு வேண்டாம் என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார்.

எதிர்பாராத ஒரு பயன் கிடைத்தது. தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை உயர நோயின் அடையாளங்கள். எனக்குச் சைனஸ் தலைவலி வாடிக்கை, வயிற்றுக் கோளாறு வாடிக்கை, தொற்று தலைதூக்கும்போது சோர்வும் வாடிக்கை. எது எது என்று எப்படிப் பிரிப்பது? தலைவலி வந்தால் அசையாமல் உட்கார்ந்து ஆக்சிஜன் போட்டுப் பார்ப்பேன். கால் மணி நேரத்தில் தணிந்தால் உயரத்தின் வேலை என்று கொள்வேன். தணியாமல் முகம் கனத்தால் சைனஸ். வாந்தியோ வயிற்று வலியோ சேர்ந்தால் ஊகிக்க மாட்டேன், மருத்துவரை அழைத்துவிடுவேன்.

கடைகளில் விற்கும் சிறு ஆக்சிஜன் டப்பாக்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 10 லிட்டர் என்று எழுதிய டப்பா, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஐந்து நிமிடத்தில் காலி. அதை நம்பி ஒரு படிகூட ஏறாதீர்கள். அண்மையில் நுரையீரலில் காற்றுக் கசிவு ஏற்பட்டவர்கள், இரத்தம் துப்பியவர்கள், தொற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் எந்த இயந்திரத்தின் துணையோடும் மலைக்குப் புறப்படக் கூடாது. 2016-இல் நிக் டால்பட் இந்த நோயோடு எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் அழுதேன். ஆனால் இந்த நோயைத் தரும் மரபணுவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒருவரின் நுரையீரலைக் கொண்டு இன்னொருவரின் உயரத்தை அளக்க முடியாது.

வாடகைக்கு எடுக்கிறவர்கள் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எனக்கு வந்த பையில் மூக்குக் குழாய், ஏற்கெனவே பிரித்த உறையில் இருந்தது. கழுவித்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா ஒருமுறை நெஞ்சில் குடியேறிவிட்டால் அதை விரட்டுவது எவ்வளவு பாடு என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பி அனுப்பி, முத்திரை பிரிக்காத புதிய குழாயும் புதிய காற்று வடிகட்டியும் வந்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அரை நாள் தாமதம் ஆயிற்று. நீங்களும் காத்திருங்கள், உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.