12,500 ரூபாய் பிடிஎப்பும் சும்மா கிடைத்த கிளினிக் கொப்பியும்

கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை மூடி முப்பது வருடத்துக்கு மேலாகிறது, ஆனாலும் திருகோணமலையில் வீட்டுக்கு ஒருவருக்குச் சீனி இருக்கிறது என்று அப்பா பகிடி விடுவார். அப்பாவுக்கும் சீனி வருத்தம், அப்பாவின் தங்கச்சிக்கும் சீனி. போன வருடம் அலுவலகத்தில் எல்லாருக்கும் இரத்தம் எடுத்தபோது எனக்கு வெறும் வயிற்றில் 117, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.2. "இன்னும் வரேல்ல, போடரில நிக்குது" என்றார் டொக்டர். வயது 46, எடை 78 கிலோ, இடுப்பு 98 சென்டிமீற்றர்.

ரிப்போட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சில லாப்களில் 100 தாண்டினாலே போடர் என்று அடிப்பார்கள், சிலதில் 110 தாண்ட வேண்டும். பிழை ஒன்றும் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 100 இலிருந்து எண்ணுகிறது, உலக சுகாதார நிறுவனம் 110 இலிருந்து. 126 வந்தால் இரண்டு பேருக்கும் அது நீரிழிவு. எச்பிஏ1சியில் 5.7 முதல் 6.4 வரை போடர், 6.5 வந்தால் கதை முடிந்தது. என் 117 எந்தக் கணக்கிலும் தப்பவில்லை.

பயத்தில் முதலில் செய்தது முட்டாள் வேலை. பேஸ்புக்கில் பார்த்த ஒரு டயட் பேக்கேஜுக்கு 12,500 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம், இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்தது ஒரு பிடிஎப். காலையில் ஓட்ஸும் புளூபெரியும், மத்தியானம் கீன்வா, இரவில் கிரில் செய்த சல்மன். விடியக்காலை சைக்கிளில் சூடையும் கீரியும் கூவிக்கொண்டு வரும் ஊரில் நான் சல்மனுக்கு எங்கே போவது? வாரம் ஒரு தரம் வட்ஸ்அப்பில் "ஹாய் டியர், டயட் எப்படிப் போகுது?" என்று ஒரு செய்தி வரும், எல்லாருக்கும் ஒரே செய்திதான் போகிறது என்பது பார்த்தாலே தெரியும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி, அன்றைக்கு மீனுக்குப் பதில் என்ன சாப்பிடுவது என்று கேட்டேன். சார்ட்டைப் பாருங்கள் என்று பதில். ஆறு வாரத்தில் இரண்டு பெட்டி ஓட்ஸ் தீர்ந்தது, எடை அரைக் கிலோ குறைந்தது. அதோடு சரி.

அப்புறம் மச்சாள் சொல்லித்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நடக்கும் எச்.எல்.சி. கிளினிக்குக்குப் போனேன். போர்டில் ஆரோக்கிய வாழ்க்கைமுறை என்று நீளமாக எழுதியிருக்கும். நாட்டின் பல சின்ன ஆஸ்பத்திரிகளிலும் இது இருக்கிறது, 35 வயது தாண்டியவர்கள் வருத்தம் இல்லாமலே போகலாம், சதம் செலவில்லை. உயரம், எடை, இடுப்பு, பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சீனி பார்க்கிறார்கள். அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு கலர் சார்ட்டில் காட்டுகிறார்கள். இதெல்லாம் எங்கேயும் நடக்கக்கூடியதுதான். எனக்குப் பிரயோசனப்பட்டது அதற்குப் பிறகு நேர்ஸ் மிஸ்ஸோடு இருந்த பத்து நிமிடம்.

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்கள் அண்ணா?"

"பிட்டுதான் மிஸ், கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா எத்தினை குழல்?"

"மூண்டு."

"என்னத்தோட?"

சம்பல், சொதி, இரண்டு வாழைப்பழம், மேலே கொஞ்சம் சீனி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. அவர் திட்டவில்லை, பிட்டை விடச் சொல்லவும் இல்லை. ஒரு குழல், அதோடு மத்தியானத்து மீன்கறியோ முட்டையோ, ஒரு கை நிறைய பொன்னாங்காணி வறை, பழம் வேண்டுமென்றால் பாதி, சீனி இல்லை என்று கொப்பியில் எழுதித் தந்தார். அப்புறம் தேத்தண்ணியை எண்ணினார். நாளைக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. பத்துத் தேக்கரண்டி என்றால் 40 கிராமுக்குக் குறையாது. 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பனங்கட்டி கடித்துக் குடிக்கிறேனே மிஸ் என்றேன். அதுவும் இரத்தத்துக்குப் போனால் சீனிதான் என்றார்.

அடுத்த மாதம் இதே கொப்பியோடு வரவேண்டும். அந்த ஒரு விஷயம் எனக்கு வேலை செய்தது. பிடிஎப்புக்குப் பொய் சொல்லலாம், ஒரு மாதம் கழித்து இதே கதிரையில் இருந்து "எத்தினை குழல்" என்று கேட்கப்போகிறவருக்குச் சொல்வது கஷ்டம்.

வீட்டுக்காரி என்னைவிட வேகம். சோற்றுக்குப் போடும் அரிசியில் அரைச் சுண்டு குறைத்தாள், மிச்சம் இருந்தால்தானே திரும்பப் போடுவேன். தட்டில் பாதி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி மீன் அல்லது பருப்பு. முதல் மரக்கறியையும் மீனையும் பாதி முடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்க வேண்டும். மாமி "பத்தியம் மாதிரிக் கிடக்கு" என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார், பிறகு அவரும் அதே தட்டுத்தான்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். குரக்கன் மருந்து என்று நினைத்து குரக்கன் பிட்டு மட்டும் பழையபடி மூன்று குழல் அடித்தேன். வாங்கி வைத்திருந்த சீனி பார்க்கும் மீற்றரில் இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 171. நைசாக அரைத்த மா எந்தத் தானியமானாலும் கெதியாய்ச் சமிக்கும், அளவு அளவுதான். இன்னொரு நாள் 241 காட்டியது, நெஞ்சு அடைத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், பிள்ளைக்கு மாம்பழம் வெட்டிக் கொடுத்த கையோடு குத்தியிருக்கிறேன். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துப் பார்த்தேன், 128. மீற்றர் வாங்குகிறவர்கள் கையைக் கழுவுங்கள், ஸ்பிரிட் தடவினால் மட்டும் போதாது. தரக்கட்டுப்பாட்டின்படியே இந்த மீற்றர்கள் 15 வீதம் கூடக்குறையக் காட்டலாம், அதனால் 118க்கும் 124க்கும் நடுவில் நித்திரையைக் கெடுக்கத் தேவையில்லை. ஸ்ட்ரிப் விலைதான் கொதி, நான் வாரம் நாலுக்கு மேல் பாவிப்பதில்லை.

கிளினிக்கில் குறையும் இருக்கிறது. ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்தாலும் ஒன்பதரைக்குத்தான் கூப்பிட்டார்கள், அதுவும் வெறும் வயிற்றோடு. வேலை நாளில்தான் நடக்கும், லீவு போட வேண்டும். ஒரு தரம் ஸ்ட்ரிப் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள், முதல் நாளே ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் போன இடத்தில் எச்பிஏ1சி இல்லை, அதை வெளியே காசு கொடுத்துத்தான் பார்த்தேன். கையில் தரும் துண்டுப் பிரசுரத்தில் அப்பிள் படம் போட்டிருக்கிறது, கொய்யாப்பழம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் அந்த வரிசையில்தான் என்னோடு நடக்கும் மற்ற மூன்று பேரையும் பிடித்தேன். ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், ஒரு ஓட்டோக்கார அண்ணன், கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானா. பின்னேரம் ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் கூடி, உள்ளே மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் ஏற்றம் வரை போய் டச்பே பக்கம் இறங்குவோம், வாரம் ஐந்து நாள். நானா தயிர்ச் சட்டியும் பாணியும் விட்ட கதையை ஒவ்வொரு நாளும் சொல்வார், காதலியைப் பிரிந்தவர் மாதிரி.

இதெல்லாம் உண்மையிலேயே பிரயோசனப்படுமா என்று ரீச்சர் கேட்டுத் தேடிப் பார்த்தேன். 2006 இல் வந்த ஒரு ஆய்வு, சென்னையில் நடந்தது, போடரில் இருந்த 531 பேர். சும்மா விட்டவர்களில் மூன்று வருடத்தில் 100க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்திருக்கிறது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. அமெரிக்காவில் 2002 இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது, அவர்களுக்கு இலக்கு 7 வீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும். எங்களைப் போன்ற சோறு தின்னிகளின் கணக்கு என்பதால் சென்னைக் கணக்கைத்தான் ரீச்சர் நம்புகிறார்.

ஏழாம் மாதம் எனக்கு வெறும் வயிற்றில் 98, எச்பிஏ1சி 5.6, எடை 72.5. இடுப்பு 91, எங்கள் பக்கத்து ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம், ஒரு சென்டிமீற்றர் மிச்சம். மாறிவிட்டதா மிஸ் என்று கேட்டதற்கு, "இப்ப மாறியிருக்கு, மூண்டு குழலுக்குப் போனா திரும்பவும் வரும்" என்று சொல்லி அடுத்த திகதியைப் போட்டுத் தந்தார்.

போகிறவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணித்தியாலமாவது ஒன்றும் சாப்பிடாமல் போங்கள், தண்ணீர் குடிக்கலாம். அடையாள அட்டையும் பழைய ரிப்போட்டும் கொண்டுபோங்கள். காலைச் சாப்பாட்டையும் ஒரு டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் கேட்டுக்கு எதிரில் ஒரு வடைக் கடை இருக்கிறது, இரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வரும் நேரத்துக்குத்தான் அங்கே முதல் ஈடு உளுந்து வடை இறங்கும்.