பிரேக், கன்டினியூ, கொடி மாறி: லூப்பைக் கட்டுப்படுத்த எது ஏற்றது?

ஹட்டனில் நடத்தும் மாலை வகுப்பில், பாஸ்கல் என்ற நிரல் மொழியில் தொடங்கி உயர்தர வகுப்பில் பைதன் மொழிக்கு வரும் மாணவர்களைப் பார்க்கிறேன். சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப்பை நடுவில் கட்டுப்படுத்தும் வழிகளுள், அதை உடனே முடிக்கும் பிரேக்கையே அவர்களுக்கு முதலில் பழக்க வேண்டும் என்பது என் முடிவு.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்தில் ஐவரின் கொழுந்து நிறுக்கப்பட்டது என்று கொள்வோம்: 19, 21, 0, 17, 22 கிலோ. 0 என்றால் அன்று வேலைக்கு வரவில்லை. வந்தவர்களுள் 18 கிலோவுக்குக் குறைவாகப் பறித்த முதல் ஆள் பட்டியலில் எத்தனையாவது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பிரேக் போட்டால், நான்காவது நிறையான 17ஐக் கண்டவுடன் லூப் அங்கேயே முடிகிறது, 22ஐத் தொடுவதில்லை, எத்தனையாவது நிறை என்பதை எண்ணிவரும் இடம் என்ற மாறியிலும் 4 அப்படியே நிற்கிறது. கண்டாயிற்றா இல்லையா என்பதை மட்டும் குறித்துவைக்கும் கொடி மாறியோ லூப்பை உடனே நிறுத்தாது. 'கண்டாயிற்று' என்று குறித்துவைத்த பிறகும் அந்தச் சுற்றின் மிச்ச வரிகள் ஓடி முடிந்து, நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை ஓடும் வைல் லூப்பில் அந்த நிபந்தனை மறுபடி சோதிக்கப்படும்போதுதான் லூப் நிற்கும். அதற்குள் கடைசி வரி இடத்தை ஒன்று கூட்டிவிடுவதால் திரையில் 5 என்று வரும். 22 கிலோ பறித்தவரைக் குறைவாகப் பறித்தவர் என்று காட்டும் இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் திருத்துகிறேன்.

ஆயினும் கொடி மாறியை ஒதுக்கிவிட முடியாது. 1970இல் நிக்லவுஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கலில் பிரேக் இல்லை. டர்போ பாஸ்கல் 7இல்தான் பிரேக்கும் கன்டினியூவும் சேர்ந்தன. தேடிய ஆள் கிடைத்தாரா இல்லையா என்பதை லூப்புக்கு வெளியே சொல்லவும் கொடி உதவும். பைதனில் லூப்போடு எல்ஸ் எழுதியும் இதை அறியலாம்: பிரேக் நிகழாமல் லூப் முடிந்தால் மட்டுமே அது ஓடும். பெயரைப் பார்த்து இஃப்பின் எல்ஸ் என்றே பலர் எண்ணிவிடுவதால், அதை நான் பிந்தியே சொல்லிக்கொடுக்கிறேன்.

கன்டினியூவின் வேலை வேறு. அது லூப்பை முடிப்பதில்லை, நடக்கும் சுற்றின் மிச்சத்தை மட்டும் தாண்டுகிறது. வராதவரின் 0ஐ ஒதுக்க, அடுத்த நிறைக்குத் தானே நகரும் ஃபோர் லூப்பில் அது மிகப் பொருத்தம். வைல் லூப்பில், இடத்தைக் கூட்டும் வரிக்கு முன்னே கன்டினியூ வந்துவிட்டால், மூன்றாவது நிறையான 0இலேயே நிரல் சிக்கிக்கொண்டு முடிவின்றிச் சுழலும்.

தோட்டத்தின் பிரிவுகளான பல மலைகளின் பட்டியல்களை லூப்புக்குள் லூப்பாகத் தேடும்போது, பிரேக் உள் லூப்பிலிருந்து மட்டுமே வெளியேற்றும். அங்கே கொடியை வெளி லூப்பிலும் சோதிக்க வேண்டும். அல்லது தேடலை முழுதாக பெயரிட்ட தனி நிரல் பகுதியான ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கண்ட இடத்தில் அதிலிருந்து வெளியேற்றும் ரிட்டர்ன் எழுதினால் இரு லூப்புகளும் ஒன்றாக முடியும். பின்னதையே எழுதச் சொல்கிறேன்.