அமிகா 1200-க்கு சிஎஃப் கார்டா, எஸ்டி கார்டா?

1992-இல் வந்த வீட்டுக் கணினியான அமிகா 1200-இன் ஹார்டு டிஸ்க் கரகரவென்று இரைகிறதா? முதலில் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். பிறகு டிஸ்குக்குப் பதிலாக எந்த மெமரி கார்டு, சிஎஃப்பா (காம்பாக்ட் ஃபிளாஷ்) எஸ்டியா என்று பார்க்கலாம்.

பொருத்தம்: சிஎஃப் கார்டுக்கு ஐடிஇ (அமிகா தன் ஹார்டு டிஸ்கோடு பேசும் முறை) தானாகவே தெரியும், அடாப்டர் வெறும் கம்பி இணைப்புதான். எஸ்டிக்கு இடையில் ஒரு சிப் வேண்டும். எல்லா சிப்பும் பழைய இயந்திரத்தோடு ஒத்துப்போவதில்லை.

விலை: எஸ்டி மலிவு, எங்கும் கிடைக்கும்.

கையாளுதல்: சிஎஃப் அடாப்டரில் 50 ஊசிகள். கார்டைச் சற்றே சாய்த்துச் செருகினாலும் ஒன்று மடங்கிவிடும். அதை நிமிர்த்துவதற்குள் உயிர் போய்விடும். எஸ்டியில் அந்தக் கவலையே இல்லை.

அடிக்கடி கழற்றி விளையாட்டு ஏற்றுபவருக்கு எஸ்டி. ஒரேயடியாக உள்ளே பூட்டிவிட சிஎஃப். என் ஓட்டு சிஎஃபுக்கே.

எதுவானாலும், கிக்ஸ்டார்ட் (அமிகாவின் சிப்பில் பதிந்த அடிப்படை மென்பொருள்) 3.0 இருந்தால் பகிர்வுகளை (பார்ட்டிஷன்) கார்டின் முதல் 4 ஜிபிக்குள் அடக்குங்கள். தாண்டினால் கோப்புகள் சிதையும்.