வடசென்னை ரூட்டுக்கு டபிள்யூடிஎம்-2வா, டபிள்யூடிஜி-3ஏவா?

ரயில் ஓட்டும் கணினி விளையாட்டான சிமுலேட்டரில் பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் வழியாக கும்மிடிப்பூண்டி வரை ரூட் செய்கிறீர்களா? அப்படியென்றால் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சினைப் போடுங்கள் என்பேன்.

அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு, 1962இல் இந்தியா வந்தது, பிறகு வாரணாசியில் செய்தார்கள். 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், மணிக்கு 120 கி.மீ. பயணிகள் வண்டியோ சரக்கோ, எதையும் இழுக்கும். அதன் அழகே சத்தத்தில்தான். நாட்ச், அதாவது எஞ்சின் விசையின் படி, ஏற்றியதும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உடனே ஈடுகொடுக்காது. கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும், கொஞ்சம் கழித்துத்தான் டர்போவின் விசில் சத்தம் ஏறும். இந்தத் தாமதத்தை விளையாட்டில் கொண்டுவராவிட்டால் அது ஆல்கோவே இல்லை. பெட்டிகளுக்கு வாக்கம் பிரேக் (வெற்றிடத்தால் இயங்கும் பழைய பிரேக்) வைத்தால் பழைய காலம் இன்னும் பொருந்தும்.

டபிள்யூடிஜி-3ஏவும் ஆல்கோ குடும்பம்தான், ஆனால் தொண்ணூறுகளின் சரக்கு எஞ்சின். 3100 குதிரைத்திறன், 123 டன், வேகம் 100 கி.மீ. சக்கரம் வழுக்காமல் பிடிக்க புது வகை போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்). தண்டையார்பேட்டை யார்டிலிருந்து டேங்கர் வேகன்களை இழுக்க மட்டும் என்றால் சரி, இதுவே போதும். ஆனால் எழுபது, எண்பதுகளின் வடசென்னை வேண்டுமென்றால் இது அந்தக் காலத்துக்கே ஒட்டாது.

அப்புறம், டபிள்யூடிஎம்-2 போட்டால், டீசல் எஞ்சினுக்கென்றே வேலை இருக்கும்படி மின்கம்பி இல்லாத ஒரு சரக்குக் கிளைப் பாதையையும் சேருங்கள்.