குளியலறைச் சுவருக்கு டைல்ஸா, நீர்காப்புப் பெயின்டா?

தண்டையார்பேட்டையில் கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. கீழ்த்தளம் தாத்தா காலத்துச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். மாடி பிற்பாடு சிமெண்டில் கட்டியது. இரண்டு குளியலறைகளையும் ஒரே ஆண்டில் புதுப்பித்தபோது, செலவைக் குறைப்பதற்காகக் கீழே நீர்காப்புப் பெயின்டும் மாடியில் டைல்ஸும் என்று முடிவு செய்தோம். மூன்று மழைக்காலங்களுக்குப் பிறகு இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

பெயின்ட் முதல் ஆண்டு நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழை முடிந்த பிறகு, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கொப்புளம் கொப்புளமாக உப்பி, விரலால் அழுத்தினால் வெள்ளை உப்புத்தூள் கொட்டியது. பெயின்டை மட்டும் குறை சொல்ல முடியாது. முன்புறமிருந்து தெறிக்கும் நீரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்ட படலம் அது. நிலத்திலிருந்து செங்கல் வழியாக ஏறும் ஓதமோ பின்புறமிருந்து வருகிறது. அந்த ஈரம் சுமந்து வரும் உப்பு படலத்துக்கு அடியில் படிகமாகி, அதை வெளியே தள்ளிவிடுகிறது. சுரண்டிவிட்டு மறுபடி இரண்டு கோட் அடித்தோம்; அடுத்த மழையில் அதே கதை. இடுப்புக்கு மேலே அதே பெயின்ட் இன்றுவரை அசையவில்லை.

மாடியில் டைல்ஸ் போட்டால் தண்ணீர் இறங்காது என்று நானும் நம்பியிருந்தேன். சுவருக்குப் போடும் செராமிக் டைல்ஸின் முகம் மட்டுமே பளபளப்பான பூச்சு. உடல் நீரை உறிஞ்சக்கூடியது, ஜாயிண்டுகளின் வழியாகவும் நீர் உள்ளே போகும். எங்கள் கொத்தனார் வற்புறுத்தியதால், சிமெண்ட் பூச்சின் மேல் பாலிமர் கலந்த நீர்காப்புச் சாந்தை ஒரு கோட் கிடையாகவும், அது காய்ந்தபின் மறு கோட் நெடுக்காகவும் தடவி, அதன் பிறகே டைல்ஸ் ஒட்டினோம். அடுத்த அறையின் சுவர் இன்றும் காய்ந்திருப்பதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஜாயிண்ட் விஷயத்தில் மட்டும் தவறிவிட்டோம். செலவு பார்த்து வெள்ளை சிமெண்டில் அடைத்தோம். எங்கள் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் மிகுந்தது. டைல்ஸின் மேல் வெள்ளைக் கறை படிந்துகொண்டே இருக்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்த்ததில் கறையோடு ஜாயிண்ட் சிமெண்டும் கரைந்து, இரண்டாம் ஆண்டிலேயே பல்லிடுக்கு போலப் பள்ளம் விழுந்தது. இப்போது முழுவதையும் சுரண்டி எபாக்ஸி கிரவுட் (சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன ஜாயிண்ட் அடைப்பு) போட்டிருக்கிறோம். விலை சிமெண்டைப் போலப் பல மடங்கு, வேலையும் மெதுவாகவே நடக்கும். ஆனால் நீரை உறிஞ்சுவதில்லை. வடசென்னையில் போர்த் தண்ணீரில் குளிக்கும் வீடுகளில் தொடக்கத்திலேயே இதற்குப் பணம் ஒதுக்குவது நல்லது.

ஆகவே தண்ணீர் தெறிக்கும் ஏழடி உயரம் வரை டைல்ஸ், அதற்கு மேலும் கூரையிலும் பூஞ்சை பிடிக்காத பெயின்ட் என்பதே என் தேர்வு. ஓதம் ஏறும் பழைய சுவரில் இரண்டுமே அவசரப்பட்டுச் செய்யக் கூடாதவை. அங்கே டைல்ஸ் ஒட்டினால் அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளிப்படும். கீழ்த்தளச் சுவரின் பூச்சை மூன்றடிக்குக் கொத்தி எடுத்து, செங்கல்லை வெயில் காலம் முழுவதும் காயவிட வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். சித்திரையில் தொடங்குகிறோம், அதுவரை கீழே யாரும் குளிப்பதில்லை.