விறகு கேஸில் ஜெனரேட்டர் ஓடும் என்று யாராவது வந்தால்...

தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை இறால் பண்ணை, ஐஸ் பிளான்ட், உப்பளம் என்று டீசல் இன்ஜினை நம்பிப் பிழைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். "கருவை விறகு போட்டா போதும், டீசலே வேணாம்" என்று சொல்லி விறகு கேஸ் பிளான்ட் விற்கும் ஒரு கூட்டம் இந்தக் கரையோரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்களிடம் 4 லட்சத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு, இன்ஜினையும் ஒரு குளத்து இறாலையும் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். காட்டுகிற வித்தை ஒன்றே ஒன்றுதான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். விறகு கேஸ் என்பதே ஏமாற்று வேலை இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நம் ஊர்களில் பின்னால் அடுப்பு கட்டிய கரி பஸ் ஓடியதை நம் தாத்தாக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கென்றே பல வருட ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கர்நாடகாவில் ஹோசஹள்ளி என்ற சின்ன கிராமத்துக்கு 1988 வாக்கிலேயே விறகு கேஸில் கரண்ட் கொடுத்துக் காட்டினார்கள். விறகை முழுசாக எரியவிடாமல், காற்றைக் குறைத்துக் கொடுத்தால் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் கலந்த ஒரு கேஸ் வரும். அதில் பாதிக்குப் பாதி நைட்ரஜன்தான், சத்து கம்மி. ஆனாலும் இன்ஜின் ஓடும். அந்த மெஷின் உண்மை. எங்கள் தலையில் கட்டியது அந்த மெஷின் இல்லை.

ஆசை காட்டியது கணக்கை வைத்து. அப்போது டீசல் லிட்டர் 92 ரூபாய்க்கு மேல். சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்கு 3 யூனிட் வந்தால் பெரிய விஷயம். அதாவது யூனிட் 30 ரூபாய். விறகு என்றால் யூனிட்டுக்கு ஒன்றே கால் கிலோ, கிலோ 4 ரூபாய், ஆக யூனிட் 5 ரூபாய். "உங்க ஊருல சீமைக்கருவை சும்மா கெடக்கு, மொதலாளி. வெட்டிப் போடுங்க, காசு மிச்சம்" என்றார் வந்தவர். ராத்திரியெல்லாம் குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுத்துகிற வனாமி இறால் பண்ணைக்காரனுக்கு இந்தக் கணக்கு எப்படி இனிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கணக்கில் விறகு விலை இருந்தது. 10 கிலோவாட் லோடுக்கு ஒரு ராத்திரி முழுக்க நூறு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும், அதை இரண்டு மூன்று அங்குலத் துண்டாக நறுக்க வேண்டும், ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை காய வைக்க வேண்டும், முள்ளோடு மல்லுக்கட்ட ஆள் வேண்டும் என்பதெல்லாம் இல்லை. கடல் காற்றில் காய வைத்த விறகு ஐப்பசி, கார்த்திகையில் திரும்ப ஈரம் வாங்கும் என்பதும் இல்லை. "பச்சையா போட்டாலும் எரியும்" என்றார். எரியும்தான். கேஸ் வருமா என்பதல்லவா கேள்வி.

இப்போது அந்த வித்தைக்கு வருகிறேன். அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கு எங்களை அழைத்துப் போய், ஆள் உயர டிரம் ஒன்றைப் பற்றவைத்தார்கள். கொஞ்ச நேரம் வெள்ளையாகப் புகைந்தது. பிறகு குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினார்கள். இரண்டு அடிக்குக் குபீரென்று மஞ்சளும் ஆரஞ்சுமாக நாக்கு நீட்டி எரிந்தது. கூட வந்த என் மச்சான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டார். "பாத்தீங்களா, சிலிண்டர் கேஸ் மாதிரி" என்றார் ஒர்க்‌ஷாப் முதலாளி. ஜெனரேட்டர் ஓடுவதைக் காட்டச் சொன்னதற்கு, அது வேறொரு கஸ்டமர் இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு நிமிஷம்கூட இல்லை.

அந்தத் தீயில்தான் சூட்சுமம். விறகு வேகும்போது கேஸோடு சேர்ந்து தாரும் ஆவியாக வரும். சூடாக இருக்கும் வரை ஆவி, குளிர்ந்தால் பிசின். குழாய் முனையில் நேராகக் கொளுத்தினால் தாரும் சேர்ந்து எரிந்துவிடும், தீ இன்னும் பெரிசாகத் தெரியும். அதே கேஸைக் குளிரவைத்து இன்ஜினுக்குள் அனுப்பினால் தார் எரியாது, வால்வில் ஒட்டும். பெரிய தீயைக் காட்டுகிறவன் இன்ஜினைப் பற்றி எதுவுமே காட்டவில்லை என்று அர்த்தம்.

எங்களுக்கு வந்து இறங்கியதில் காற்று கீழே புகுந்து, கேஸ் மேல் வழியாக வெளியேறியது. நெல் அவிக்க, செங்கல் சுட, பாய்லருக்கு என்றால் இது சரிதான். இன்ஜினுக்கு ஆகாது. இன்ஜினுக்கு உள்ளதில் கேஸ் கீழ்நோக்கி இறங்கி, கனன்றுகொண்டிருக்கும் கரிப்படுகைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். அந்தச் சூட்டில்தான் தார் உடையும். கீழ்நோக்கி இறங்கும் வகையில் ஒரு கன மீட்டர் கேஸுக்கு ஒரு கிராம் அளவில் தார் இருக்கும், அதையும் வடிகட்டி 0.1 கிராமுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் இன்ஜின் தாங்கும். மேல்நோக்கிப் போகிற வகையில் 10 கிராமுக்கு மேல். ஒரு கிலோ விறகுக்கு சுமார் இரண்டரை கன மீட்டர் கேஸ். ராத்திரிக்கு 100 கிலோ என்றால் 250 கன மீட்டர், குறைத்துப் பார்த்தாலும் இரண்டரைக் கிலோ தார். இதை நிறுத்த அவர்கள் வைத்திருந்த ஃபில்டர், தேங்காய் நாரும் மரத்தூளும் அடைத்த ஒரு பெயின்ட் டிரம்.

இன்னொரு பொய் இதைவிட வெளிப்படையானது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கேஸை மட்டும் உள்ளே விட்டால் தானாகப் பற்றாது. கொஞ்சமாவது டீசல் பீய்ச்சினால்தான் அதன் தீயில் கேஸ் எரியும். எல்லாம் ஒழுங்காக அமைந்தால் டீசலில் 70 சதவீதம் மிச்சம் பிடிக்கலாம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். பழைய டீசல் இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு நூறு சதவீதம் என்று ஒருவர் சொன்னால், மேற்கொண்டு பேசாமல் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இன்ஜின் திறனும் நாலில் ஒரு பங்கு இறங்கும். 25 கேவிஏ ஜெனரேட்டரில் ஏரேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் திக்கித் திக்கி நின்றது இதனால்தான். வந்து பொருத்திய பையனிடம் கேட்டதற்கு, "புது பிளான்ட்டுல்லண்ணே, ஓட ஓட செட்டாயிரும்" என்றான்.

ஓட ஓட நடந்தது வேறு. சித்திரை மாதம், நடுச்சாமத்துக்கு மேல் ஈ.பி. கரண்ட் போனது. இறால் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில்தான் குளத்து ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு வரும். டிரம்மைப் பற்றவைத்துக் கேஸ் நல்லபடியாக வரவே அரை மணி நேரம் ஆனது. இன்ஜின் எடுத்தது, ஏரேட்டர் சுற்றியது, கொஞ்ச நேரத்தில் இருமி இருமி நின்றேபோனது. சரி, டீசலிலேயே போடலாம் என்றால் கிராங்க் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்க மாட்டேன் என்கிறது. பக்கத்துப் பண்ணையில் ஜெனரேட்டர் கேட்டு வாங்கி, டிராக்டரில் கட்டி இழுத்து வருவதற்குள் ஒரு குளத்தில் இறால் எல்லாம் மேலே மிதக்க ஆரம்பித்துவிட்டது. டார்ச் அடித்தால் கரையோரம் முழுக்கக் கண்கள் மினுங்கின. மறுநாள் கிடைத்த கவுண்டுக்கு (கிலோவுக்கு இத்தனை இறால் என்ற கணக்கு) கிடைத்த விலையில் அவசரப் பிடிப்பு. வியாபாரி முகத்தைப் பார்த்தே விலை சொன்னார்.

தொண்டி மெக்கானிக் அண்ணன் வந்து ஹெட்டைக் கழற்றினார். இன்டேக் பைப்புக்குள் விரலை விட்டு எடுத்தார். கருப்பட்டிப் பாகு பதத்தில் கன்னங்கரேலென்று நூல் நூலாக இழுத்தது. இன்லெட் வால்வுத் தண்டு கைடோடு ஒட்டிப்போய், சுத்தியலால் தட்டினால்தான் இறங்குகிறது. வால்வைத் தள்ளும் புஷ் ராடு இரண்டு வளைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவினால் போகவில்லை, தின்னர் ஊற்றித்தான் சுரண்ட வேண்டியிருந்தது. "ஓடும்போது சூட்டுல எளகி இருந்திருக்கு தம்பி. போன தடவ நிப்பாட்டி ஆறினதும் இறுகிருச்சு" என்றார். அவர் கையிலிருந்து அந்தப் புகை வாடை போகவே நாளாகியிருக்கும்.

ஆனால் பணம் போனதைவிட என்னைப் பதற வைத்தது வேறு விஷயம். அந்த டிரம்மில் காற்றை ஊதிவிடும் புளோயர் அடியில் இருந்தது. அதனால் உள்ளே எப்போதும் வெளியே தள்ளும் அழுத்தம். மூடியில், இணைப்பில், எங்கே சின்னச் சந்து இருந்தாலும் கேஸ் வெளியேதான் வரும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டர் ஷெட்டில் விறகு போடுகிற எங்கள் பையன் தலைவலி, வாந்தி என்று இரண்டு மூன்று முறை உட்கார்ந்துவிட்டான். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தோம். விற்றவரோ, "பொகையே இல்ல, அப்புறம் என்ன ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எந்த இன்ஜினியரும் இல்லை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் காலமெல்லாம் கரிமூட்டம் (விறகை மண்ணால் மூடிச் சுட்டுக் கரியாக்குவது) போட்ட ஒரு பெரியவர். விறகு விற்க வந்தவர் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்ததும் பையனை வெளியே கூப்பிட்டார். "மூட்டம் பிரிக்கிறப்பவே காத்து வர்ற பக்கமாத்தான் நிப்போம். நீங்க மூட்டத்தக் கொண்டாந்து கூரைக்குள்ள வச்சிருக்கீகளே தம்பி." அடுத்து அவர் சொன்னதுதான் இன்னும் விசேஷம். "வெறகு எதுக்கு? கரியப் போட வேண்டியதுதான, அதுல பிசுக்கெல்லாம் மூட்டத்துலயே போயிருமே." நியாயமான பேச்சு. போர்க்கால பஸ்கள் கரியில் ஓடியதும் அதற்காகத்தான். ஆனால் ஒரு கிலோ கரிக்கு நாலு கிலோ விறகாவது போகும், அப்போது அந்த 5 ரூபாய்க் கணக்கு எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸைக் குளிரவைத்துக் கழுவிய தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். சில நாளிலேயே அது டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்து மூக்கைத் துளைக்கும். அதில் பீனால் இருக்கிறது, இறாலுக்கும் மீனுக்கும் விஷம். பொருத்த வந்த பையன் அதை வாய்க்காலில் திறந்துவிடப் போனான்.

அப்புறம் மானியம். "பாதிப் பணம் மத்திய அரசு திருப்பித் தந்துரும்" என்றார்கள். 2022இல் வந்த தேசிய உயிரி எரிசக்தித் திட்ட வழிகாட்டுதலில் விறகு கேஸ் பிளான்ட்டுக்கு உதவி இருந்தது உண்மை. டீசலோடு சேர்த்து ஓட்டுவதற்குக் கிலோவாட்டுக்கு 2,500 ரூபாய், முழுக்க கேஸில் ஓடும் இன்ஜினுக்கு 15,000. நம்முடைய 25 கேவிஏ என்பது 20 கிலோவாட், டீசலோடு ஓடுவது. ஆக 50,000. பாதி எங்கே, இது எங்கே. அதுவும் முறையாக விண்ணப்பித்து, ஓட்டிக் காட்டியவர்களுக்கு. எங்களுக்குக் கொடுத்த பில்லில் பிளான்ட் எந்த வகை என்றுகூட எழுதவில்லை, "கேஸ் யூனிட் 1" என்று மட்டும். பணத்தில் ஒரு பகுதிக்குத் துண்டுச் சீட்டு.

இப்போது போன் எடுப்பதில்லை. எடுத்த ஒரே முறை, "மெயின்டனன்ஸ் உங்க பொறுப்பு சார்" என்றார்கள். "மொதலாளி" போய் "சார்" வந்துவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் முதலில் புகார் பதிந்தோம், பிறகு ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்துக்குப் போனோம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்கு வாங்கியது என்றால் சட்டத்தில் அதற்கு விலக்கு உண்டு, அதை மனுவிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, ஹெட்டைக் கழற்றிய போட்டோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு எல்லாம் எங்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருக்கிறது.

அப்படியும் வாங்கித்தான் ஆவேன் என்கிறவர்கள், உங்கள் விறகை நீங்களே மூட்டை கட்டிக் கொண்டுபோங்கள். அதைப் போட்டு, நிஜ லோடில், ஒரு ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். டீசல் டேங்க்கை முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள். காலையில் இன்டேக் பைப்பைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். தூள் ஒட்டினால் பரவாயில்லை, பிசின் ஒட்டினால் கிளம்பி வந்துவிடுங்கள். ஷெட்டுக்கு நாலு பக்கமும் திறப்பு, கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று, இரண்டும் இல்லாமல் ஆளை நிறுத்தாதீர்கள். கரண்ட் போனதும் பட்டென்று கைகொடுக்கும் வேலைக்கு இது ஆகவே ஆகாது, ஒரே சீராக மணிக்கணக்கில் ஓடும் லோடுக்குத்தான்.

இதே கூட்டம் இப்போது வள்ளக்காரர்களிடம் வேறு சரக்கோடு போவதாகக் கேள்வி. ஹோட்டலில் பொரித்த எண்ணெயை வீட்டிலேயே பயோடீசல் ஆக்கும் கிட், 40,000 சொச்சம். எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்குவது. முறை சரியானதுதான், ஆனால் மெத்தனால் ஆவி பக்கத்து அடுப்புத் தீயைப் பிடித்தால் தீ இருப்பதே பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் அத்தனை உயிரைக் குடித்தது இதே மெத்தனால்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வழக்கு உங்கள் மேல்தான் வரும், கிட் விற்றவர் மேல் அல்ல. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர் அந்த ஆளிடம், கேனில் இருக்கிற மெத்தனாலுக்கு பில் எங்கே என்று மட்டும்தான் கேட்டாராம். கேனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.